மனநல இல்லத்தில் ஒருவரைச் சேர்க்கும் முன்: உரிமத்தைச் சரிபார்க்கவும் மீறலைப் புகார் செய்யவும் ஒரு வழிகாட்டி

பேராக்கின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், மனநோயால் அவதிப்படும் ஒருவரை இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்ற நிலை வரும்போது, குடும்பத்தாரின் காதில் முதலில் விழுவது ஏதாவது ஓர் இல்லத்தின் பெயர்தான். கோவிலில் யாரோ சொல்வார்கள். செம்பனை ஆலையில் உடன் வேலை செய்பவர் தொலைபேசி எண்ணைக் கொடுப்பார். மாதக் கட்டணம் இவ்வளவு, மருந்தை அவர்களே கொடுத்துவிடுவார்கள், ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஒரே நாளில் காரியம் முடிந்துவிடும். அந்தக் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த இல்லம் எந்தச் சட்டத்தின் கீழ், யாருடைய அனுமதியோடு நடக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்பது எப்படி, வரும் பதிலைச் சரிபார்ப்பது எப்படி, பதில் பொய் என்று தெரிந்தால் என்ன செய்வது என்பதைக் குடும்பத்தாருக்காக இங்கே எழுதுகிறேன்.

எந்த அனுமதி எதற்கு

மலேசியாவில் மனநோயாளிகளைத் தங்கவைக்கும் இடங்கள் எல்லாம் ஒரே இலாகாவின் பொறுப்பில் இல்லை என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். குழப்பமும் ஏமாற்றும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

மனநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் தனியார் இடங்கள் சுகாதார அமைச்சின் கீழ் வருகின்றன. 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள் மற்றும் சேவைகள் சட்டம், அதாவது 586ஆம் சட்டம், 2006 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. தனியார் மனநல மருத்துவமனை, தனியார் மனநலத் தாதிமை இல்லம், தனியார் சமூக மனநல மையம் ஆகிய மூன்றையும் அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இவற்றை நடத்த விரும்புபவர் முதலில் நிறுவுவதற்கான ஒப்புதலையும், பிறகு இயக்குவதற்கான உரிமத்தையும் தனித்தனியே பெற வேண்டும். இயக்க உரிமம் 2 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். அதன்பின் புதுப்பித்தாக வேண்டும். உள்ளே நோயாளியைச் சேர்ப்பது, பரிசோதிப்பது, வெளியே அனுப்புவது ஆகியவற்றை 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், அதாவது 615ஆம் சட்டம், 2010 ஜூன் 15 முதல் நெறிப்படுத்தி வருகிறது.

உணவு, உறைவிடம், அன்றாடப் பராமரிப்பு ஆகியவற்றை மட்டும் தரும் இல்லங்கள் சமூக நல இலாகாவின் கீழ் வருகின்றன. 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையங்கள் சட்டத்தின்படி, 4 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இடமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு நடத்தினாலும் தர்மமாக நடத்தினாலும் இந்தக் கடமை ஒன்றுதான். "நாங்கள் சேவைதான் செய்கிறோம், பதிவு எதற்கு?" என்று கேட்பவர்களுக்குச் சட்டம் தரும் பதில் இதுவே. அவர்களில் பலர் உண்மையிலேயே இரக்கம் உள்ளவர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தீப்பிடித்தால் வெளியேற வழி உண்டா, கழிப்பறை சுத்தமாக உள்ளதா என்று வெளியாள் ஒருவர் வந்து பார்க்கும் ஏற்பாடு இல்லாத வீட்டில், இரக்கம் மட்டும் யாரையும் காப்பாற்றாது.

போதைப் பழக்கத்திலிருந்து மீட்கும் தனியார் மையங்கள் தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்திடம் பதிவு பெற வேண்டும்.

ஒரு துறையின் அனுமதி இன்னொரு துறையின் வேலையைச் செய்வதற்கான அனுமதி ஆகாது. சமூக நல இலாகாவின் சான்றிதழ் உள்ள இல்லம், மனநோய்க்கு ஊசி போடவோ மருந்தின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கவோ அந்தச் சான்றிதழைக் காட்டி உரிமை கோர முடியாது. அதே போல, 3 பேரை மட்டும் வைத்திருப்பதால் பராமரிப்பு மையச் சட்டம் பொருந்தாது என்று சொல்லும் ஒருவர், அந்த 3 பேருக்கும் மனநலச் சிகிச்சை அளித்தால், 586ஆம் சட்டத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

சுவரில் மாட்டியிருப்பதைப் படித்துப் பாருங்கள்

இல்லத்துக்கு நேரில் செல்லாமல் யாரையும் சேர்க்காதீர்கள். சென்றதும் உரிமத்தைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அதை எல்லாரும் பார்க்கும் இடத்தில் மாட்டிவைக்க வேண்டியது நடத்துபவரின் கடமை; ஆகவே கேட்பது அவமரியாதை அல்ல. பல இடங்களில் வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட தாள்கள் வரிசையாகத் தொங்கும். எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையம் தந்த வணிகப் பதிவு, சங்கப் பதிவிலாகாவின் சான்றிதழ், நகராண்மைக் கழகத்தின் வணிக உரிமம், யாரோ ஒரு பிரமுகர் வந்து போன படம் ஆகியவற்றைப் பார்த்து நம் மக்கள் நம்பிவிடுகிறார்கள். இவற்றில் ஒன்றுகூட மனநோயாளியைத் தங்கவைத்துச் சிகிச்சை தருவதற்கான உரிமம் அல்ல.

சரியான தாள் கிடைத்தால் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். எந்த வகை வசதிக்கு உரிமம் தரப்பட்டுள்ளது, அதில் உள்ள முகவரியும் நீங்கள் நிற்கும் கட்டடமும் ஒன்றுதானா, காலாவதி தேதி என்ன, உரிமம் யார் பெயரில் உள்ளது என்பவற்றைப் பாருங்கள். முகவரியில் தனிக் கவனம் தேவை. ஒரு வீட்டுக்கு அனுமதி வாங்கிவிட்டு, பக்கத்துத் தாமானில் இன்னும் 2 வீடுகளை வாடகைக்கு எடுத்து அங்கேயும் ஆட்களை வைப்பது நடக்கக்கூடியது. உரிமம் அந்தக் கட்டடத்துக்கு மட்டுமே உரியது. இன்னொரு கட்டடத்துக்கு இன்னோர் உரிமம் வேண்டும்.

பிறகு அந்த விவரங்களை உரிய அலுவலகத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சிகிச்சை இடம் என்றால், மாநில சுகாதார இலாகாவில் உக்காப்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தனியார் மருத்துவ நடைமுறைக் கட்டுப்பாட்டுப் பிரிவைக் கேட்க வேண்டும். பேராக் மக்களுக்கு அது ஈப்போவில் உள்ளது. பராமரிப்பு இல்லம் என்றால், மாவட்ட சமூக நல அலுவலகம்; சுங்கை சிப்புட் மக்களுக்குக் கோல கங்சார் மாவட்டம். இல்லத்தின் பெயரையும் முகவரியையும் எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் கேளுங்கள்.

குடும்பத்தின் கையெழுத்து பூட்டுக்குச் சாவி அல்ல

பெற்றோரோ அண்ணன் தம்பியோ கையெழுத்துப் போட்டுவிட்டால், நோயாளியை அவர் விருப்பத்துக்கு மாறாக எத்தனை மாதம் வேண்டுமானாலும் பூட்டி வைக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். இது தவறு. மனநலச் சட்டத்தின்படி, ஒருவரை அவர் சம்மதம் இன்றி மனநல மருத்துவமனையில் சேர்க்க உறவினர் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த விண்ணப்பத்துடன், சேர்ப்பதற்கு முந்தைய 5 நாட்களுக்குள் நோயாளியை நேரில் பரிசோதித்த மருத்துவரின் பரிந்துரையும் இருக்க வேண்டும். சேர்த்த 24 மணி நேரத்துக்குள் அங்குள்ள மருத்துவ அதிகாரி மீண்டும் பரிசோதிக்க வேண்டும். தேவை உறுதியானால் முதலில் ஒரு மாதம் வரைதான் வைத்திருக்க முடியும். அதற்கு மேல் நீட்டிக்க மறுபடியும் மருத்துவப் பரிசோதனை தேவை. நோயாளிகளின் நிலையைப் பார்வையிட வருகையாளர் வாரியமும் சட்டத்தில் உண்டு. இத்தனை காவல்களும் மருத்துவமனைக்கே விதிக்கப்பட்டிருக்கும்போது, தோட்டத்து எல்லையில் உள்ள ஒரு வாடகை வீட்டுக்கு ஒரு மனிதரைப் பூட்டி வைக்கும் அதிகாரம் எங்கிருந்து வரும்?

சங்கிலியால் கட்டுவதும் அறையில் அடைப்பதும் குற்றவியல் சட்டத்தின் கீழும் குற்றமாகலாம். சட்டவிரோதமாக ஒருவரை அடைத்துவைத்தால் 342ஆம் பிரிவின்படி 1 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். 10 நாட்கள் அல்லது அதற்கு மேல் அடைத்திருந்தால் 344ஆம் பிரிவின்படி அது 3 ஆண்டுகள் வரை உயரும். மந்திரிப்பதற்காக அழைத்துச் சென்ற இடத்தில் நடந்தாலும் இது பொருந்தும்.

மீறினால் என்ன தண்டனை

586ஆம் சட்டத்தின் தண்டனைகள் கடுமையானவை. உரிமம் இன்றித் தனியார் மனநல வசதியை நடத்தும் தனிநபருக்கு 300,000 ரிங்கிட் வரை அபராதமோ 6 ஆண்டுகள் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். குற்றம் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் மேலும் 1,000 ரிங்கிட் வரை சேரும். நிறுவனமாக இருந்தால் அபராதம் 500,000 ரிங்கிட் வரையும், தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரிங்கிட் வரையும் போகும். பதிவு இல்லாத பராமரிப்பு மையத்தை நடத்தினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால், சிகிச்சை தரும் சிலர் தம்மை வெறும் பராமரிப்பு இல்லம் என்று சொல்லிக்கொள்ள விரும்பக்கூடிய காரணம் விளங்கும். அதனால்தான் புகார் எழுதும்போது அங்கே சிகிச்சை நடக்கிறது என்பதற்கான அடையாளங்களைத் தெளிவாக எழுத வேண்டும்.

உரிமம் உள்ள இடமே விதிகளை மீறினால், உரிமத்தை இடைநிறுத்தவும் ரத்து செய்யவும் புதுப்பிக்க மறுக்கவும் முடியும். அபராதத்தையும் சிறையையும் விதிப்பது நீதிமன்றம். அதிகாரி அங்கேயே பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

புகார் எழுதும் முறை

உயிருக்கு ஆபத்து என்றால் எழுதிக்கொண்டிருக்காமல் 999ஐ அழையுங்கள். அடி, பட்டினி, பூட்டு என்றால் பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் செய்து, அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். தாலியான் காசே எனப்படும் அரசாங்க உதவித் தொலைபேசிச் சேவையின் 15999 எண்ணிலும் தெரிவிக்கலாம்.

உரிமம் பற்றிய புகாரைச் சுகாதார அமைச்சின் சிஸ்பா என்ற புகார் இணையதளத்திலோ உக்காப்ஸ் பிரிவுக்குக் கடிதமாகவோ அனுப்பலாம். மலாய் மொழியில் எழுதுவது நல்லது. எழுத வராதவர்கள் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளையையோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ கேட்கலாம். கடிதத்தில் கோபத்தைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். இடத்தின் முழு முகவரி, நடத்துபவர் தம்மை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்கிறார், ஏறக்குறைய எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், மருந்தை யார் எடுத்துக் கொடுக்கிறார், ஊசி போடுபவர் மருத்துவரா தாதியா அல்லது இருவரும் இல்லையா, மருத்துவர் வருகிறாரா, கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்படுகின்றனவா என்பவற்றை நீங்கள் கண்ட தேதியோடு எழுதுங்கள். நேரில் கண்டதையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் பிரித்து எழுதினால், விசாரிக்கும் அதிகாரிக்கு வேலை எளிதாகும். கட்டணம் செலுத்திய ரசீதும் வங்கிப் பரிமாற்றப் பதிவும் வலுவான ஆதாரங்கள். நோயாளிகளின் முகங்களைப் படம் பிடித்து முகநூலிலோ டிக்டாக்கிலோ போடாதீர்கள். அது அவர்களுக்கு இன்னொரு காயம், நடத்துபவருக்கு முன்னெச்சரிக்கை.

உரிமம் இல்லாத இடத்தில் சேர்த்துவிட்டோம், நம்மீதே வழக்கு வருமோ என்று அஞ்சி வாய்திறக்காத குடும்பங்கள் உண்டு. உரிமம் பெறும் கடமை நடத்துபவருடையது. நோயாளியை அங்கே சேர்த்ததற்காக 586ஆம் சட்டம் உங்களைத் தேடி வராது.

இன்னொரு தயக்கம் வெட்கத்தால் வருகிறது. தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அங்கே 1911இல் தொடங்கிய பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை நம் பக்கத்திலேயே இருந்தும், அதன் வாசலை மிதிக்கக் கூசியே குடும்பங்கள் பெயர் தெரியாத இல்லங்களுக்குப் பணம் கட்டுகின்றன. அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட், சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 ரிங்கிட். ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி ஒரு மனிதரின் சிகிச்சையை விலை பேசுவது எனக்குப் பெரும் வேதனை தருகிறது.

சோதனையிட்டு மூடும் முன் செய்ய வேண்டியவை

புகாருக்குப் பிறகு அதிகாரிகள் வந்து சோதனையிட்டு ஆவணங்களைக் கைப்பற்றலாம், இடம் மூடப்படலாம். அந்த நாளில் உங்கள் உறவினர் எங்கே போவார் என்பதை இப்போதே முடிவு செய்துவையுங்கள். அவருடைய அடையாள அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டை இருந்தால் அது, மருத்துவமனைச் சந்திப்பு அட்டை, மருந்துகளின் பெயரும் அளவும், நீண்ட நாள் வேலை செய்யும் ஊசியைக் கடைசியாகப் போட்ட தேதி ஆகியவற்றின் நகல்கள் இல்லத்தின் அலமாரியில் மட்டும் இல்லாமல் உங்கள் கையிலும் இருக்க வேண்டும். இல்லத்தார் மருந்துப் பெயரைச் சொல்ல மறுத்தால், மாத்திரை உறைகளையாவது படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மனநோய் மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். குறிப்பாகக் குளோசபின் என்ற மருந்தைச் சாப்பிடுபவர் 48 மணி நேரத்துக்கு மேல் அதைத் தவறவிட்டால், பழைய அளவை வீட்டிலேயே மீண்டும் கொடுக்கக் கூடாது. மருத்துவரின் மேற்பார்வையில் குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஆகவே இடம் மூடப்பட்ட அன்றே, மருந்துப் பட்டியலோடு அவரை அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, கடைசி வேளை மருந்து எப்போது கொடுக்கப்பட்டது என்பதை முதலில் சொல்லுங்கள்.