சுகர் இருக்கிறதா? மருத்துவக் காப்பீடு எடுக்கும் வழி

காலில் புண்ணோடு பெரியப்பாவை ராத்திரி பதினொரு மணிக்கு கேஷுவாலிட்டிக்குக் கூட்டிப்போனோம். டூட்டி டாக்டர் எழுதிக்கொண்டே, "எத்தனை வருஷமா சுகர்?" என்றார். பதற்றத்தில் இருந்த பெரியம்மா, "அது இருக்கும் பதினஞ்சு வருஷம்" என்றார். உண்மையில் எட்டு. பாலிசி படிவத்திலும் எட்டு என்றுதான் எழுதியிருந்தோம். அந்தப் பதினைந்து கேஸ் ஷீட்டிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போய், "உண்மையை மறைத்திருக்கிறீர்கள்" என்று கிளைம் நின்றுவிட்டது. முதன்முதலில் சுகர் தெரிந்தபோது எடுத்த லேப் ரிப்போர்ட் பீரோவில் கிடைத்ததால் தப்பித்தோம். அதனால் நான் பாலிசியில் தொடங்கப் போவதில்லை, காகிதத்தில் தொடங்குகிறேன்.

படி 1: ஒரு ஃபைல் போடுங்கள்

முதல் ரிப்போர்ட், முதல் மருந்துச் சீட்டு, கடைசியாக எடுத்த எச்பிஏ1சி, கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்), கண் பரிசோதனை எல்லாம் தேதி வாரியாக ஒரே ஃபைலில் இருக்கட்டும். எச்பிஏ1சி என்பது ரத்தச் சர்க்கரையின் ஏறத்தாழ மூன்று மாதச் சராசரி. கம்பெனிக்காரர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். ஃபைல் அட்டையில் சுகர் தெரிந்த வருடத்தைப் பெரிதாக எழுதுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட வருபவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

படி 2: கையில் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள்

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்று, ரேஷன் அட்டையோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள பதிவு மையத்துக்குப் போங்கள். வேலை பார்ப்பவர்கள் ஆபீஸ் குரூப் பாலிசியைக் கேளுங்கள். பெரும்பாலானவற்றில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவரேஜ் உண்டு. ஆனால் வேலையை விட்டால் அதுவும் போய்விடும். அதை மட்டும் நம்பி ஐம்பது வயது வரை உட்கார்ந்திருக்காதீர்கள்.

படி 3: பாலிசியைத் தேர்ந்தெடுப்பது

ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம், அதாவது அதற்குக் கிளைம் கிடைக்காத காலம், அதிகபட்சம் 36 மாதம். 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இதை 48-இலிருந்து குறைத்தது. இதில் ஒரு பொதுவான குழப்பம். காத்திருப்பு சுகருக்கும் அதனால் வரும் சிக்கல்களுக்கும்தான். டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், பாலிசி எடுத்து முதல் 30 நாள் கழிந்திருந்தாலே போதும். விபத்துக்கு அந்த 30 நாளும் கிடையாது.

சாதாரண பாலிசியில் கூடுதல் பிரீமியம் கட்டிக் காத்திருப்பைக் குறைக்கும் வசதி சில கம்பெனிகளில் உண்டு. சுகர் உள்ளவர்களுக்கென்றே வரும் பாலிசிகளும் உண்டு, ஸ்டார் ஹெல்த்தின் 'டயாபடீஸ் சேஃப்' மாதிரி. "சுகருக்கென்றே" என்ற பெயருக்காக மட்டும் வாங்காதீர்கள். கோ-பே, அதாவது பில்லில் நாம் கட்ட வேண்டிய பங்கு, எத்தனை சதவீதம், அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்று பாருங்கள். வரம்பு 3,000 ரூபாயாக இருந்து நீங்கள் 6,000 ரூபாய் அறையில் தங்கினால் அறை வாடகை மட்டும் பாதியாகாது. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் செலவு எல்லாம் அதே விகிதத்தில் வெட்டப்படலாம். மாதா மாதம் வாங்கும் மாத்திரைச் செலவு பெரும்பாலான பாலிசிகளில் வராது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையமும் மக்களைத் தேடி மருத்துவமும்தான்.

ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. முன்பு 18 சதவீதம்.

படி 4: படிவத்தை நீங்களே நிரப்புங்கள்

"சுகர்னு போட்டா பிரீமியம் ஏறும் சார், இல்லைன்னே போட்டுக்கலாம்" என்று சொல்லும் ஏஜென்ட்டுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கிளைம் வரும் நாளில் அவர் போனை எடுக்க மாட்டார். ஓடிபி கேட்டால், என்ன நிரப்பியிருக்கிறார் என்று பார்க்காமல் சொல்லாதீர்கள். எந்த வருடம் தெரிந்தது, எந்த மாத்திரை, இன்சுலின் உண்டா, பிபி உண்டா எல்லாவற்றையும் எழுதுங்கள். லோடிங் என்று பிரீமியம் கொஞ்சம் ஏறும். ஏறட்டும். ஒரு கம்பெனி மறுத்தால் இன்னொன்றைப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவுகோல் வேறு.

படி 5: பாலிசி வந்ததும்

பாலிசியோடு நீங்கள் கொடுத்த படிவத்தின் நகலும் வரும். அதில் சுகர் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே மெயில் போட்டுத் திருத்தச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

பிறகு ரினியூவலைத் தவறவிடாதீர்கள். விட்டுப்போனால் காத்த மாதங்கள் வீணாகிவிடும். தொடர்ச்சியாக 60 மாதம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, "முன்பே சொல்லவில்லை" என்று கிளைமை மறுக்க முடியாது. கம்பெனி மாற வேண்டுமா? புதிதாக எடுக்காமல், இருக்கும் பாலிசியையே அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள் (போர்ட் செய்வது என்பார்கள்). காத்த காலம் கூடவே வரும்.

கிளைமை மறுத்தால்

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.