கனடாவில் காணியோடு வீடு எடுப்பவர்களுக்கு: உழவு இயந்திரத்தின் பனித் தகடு எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும்?

கொழும்பிலிருந்து கனடாவுக்குப் புறப்படுகின்றவர்கள் முன்பெல்லாம் ஸ்காபரோவில் உறவினர் வீட்டு நிலவறையில் முதல் பனிக்காலத்தைக் கழிப்பார்கள். பனியை அள்ளுவதற்கு ஒரு சவளே போதுமாக இருந்தது. இப்போது வெள்ளவத்தையில் என்னைத் தேடி வருகின்றவர்களில் சிலர், ரொறன்ரோவுக்கு வெளியே இரண்டு மூன்று ஏக்கர் காணியோடு வீடு வாங்கிவிட்ட பிள்ளைகளிடம் போகிறார்கள். அங்கே வீட்டு வாசலுக்கும் வீதிக்கும் இடையே நூறு மீற்றர் பாதை இருக்கும். அதைத் துப்புரவாக்குவதற்கு ஒரு சிறிய உழவு இயந்திரமும், அதன் முன்னால் பூட்டும் பனித் தகடும் வேண்டும். ஒன்ராறியோவில் 16 பனிக்காலங்கள் அந்த வேலையைச் செய்துவிட்டுத் திரும்பியவன் என்ற முறையில், தகட்டின் அகலத்தைத் தெரிவு செய்வதைப் பற்றி எழுதுகிறேன். அதிகம் பேர் பிழைவிடும் இடம் அதுதான்.

கடைக்குப் போகுமுன், ஒரு பக்கத்து ரயரின் வெளி விளிம்பிலிருந்து மற்றப் பக்கத்து ரயரின் வெளி விளிம்புவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின் ரயர்களே பெரும்பாலும் அகலமானவை என்பதால் அங்கேதான் அளக்க வேண்டும். கனடாவில் வீதித் தூரம் கிலோமீற்றரில் சொல்லப்பட்டாலும் தகடுகள் அங்குலக் கணக்கிலேயே விற்கப்படுகின்றன; நம் நாட்டில் பலகையை அடிக்கணக்கில் வாங்கிப் பழகியவர்களுக்கு இது சிரமமாக இராது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், தகட்டை நேராக வைத்துப் பனியைத் தள்ளுவது குறைவு. பனி பாதையின் ஓரத்துக்கு ஒதுங்குவதற்காக அதைச் சரித்தே வைப்போம். 30 பாகை சரித்தால், தகட்டின் அகலத்தில் ஏறத்தாழ 87 வீதமே பாதையைத் துடைக்கும். 60 அங்குலத் தகடு 52 அங்குலமாகவும், 66 அங்குலத் தகடு 57 அங்குலமாகவும், 72 அங்குலத் தகடு 62 அங்குலமாகவும் சுருங்கிவிடும். உங்கள் இயந்திரத்தின் ரயர் அகலம் 56 அங்குலம் என்றால், 60 அங்குலத் தகட்டைச் சரித்தவுடன் ரயர்கள் தள்ளாத பனியின் மேல் ஏறும். ஏறி மிதித்த பனி இறுகி, மறுநாள் பனிக்கட்டியாகத் தரையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு எந்தத் தகட்டாலும் அதைச் சுரண்ட முடியாது. 66 அங்குலம் மட்டுமட்டாக இருக்கும். 72 அங்குலம் இரு பக்கமும் மூன்று அங்குலம் மிச்சம் தரும். அந்த இயந்திரத்துக்கு அதுவே சரியான தகடு.

அப்படியானால் 84 அங்குலம் இன்னும் நல்லதல்லவா என்று கேட்பார்கள். நானும் முதல் ஆண்டில் அப்படித்தான் எண்ணி, குதிரைவலு போதும் என்று விற்றவர் சொன்னதை நம்பி, பெரியதையே வாங்கினேன். எஞ்சின் ஒருபோதும் திணறவில்லை. ஆனால் ஈரப்பனி விழுந்த முதல் நாளே சக்கரங்கள் நின்ற இடத்தில் சுழன்றன, தகடு சரிந்திருந்த பக்கத்துக்கு எதிராக இயந்திரத்தின் மூக்கு இழுபட்டுப் போனது. கணக்குப் பார்த்தால் காரணம் விளங்கும். 20 சென்ரிமீற்றர் ஆழப் பனியில் 72 அங்குலத் தகட்டை நேராக வைத்து, ஓரம் சிந்தாமல் பத்து மீற்றர் தள்ளினால், அதன் முன்னால் மூன்றரைக் கன மீற்றருக்குச் சற்று அதிகமான பனி சேரும். புதிதாக விழுந்த உலர்ந்த பனி கன மீற்றருக்கு 100 கிலோகிராமோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். நனைந்து இறுகிய பனி 300 கிலோகிராமைத் தொடும். ஆகவே அதே பத்து மீற்றரில் ஒருநாள் 360 கிலோகிராமும் இன்னொருநாள் ஒரு தொன்னுக்கு மேலும் தள்ள வேண்டியிருக்கும். 84 அங்குலத் தகடு அந்த ஈரப்பனியில் இன்னும் 180 கிலோகிராம் அளவு சேர்க்கும். வயலில் மட்டப்பலகை இழுத்தவர்களுக்கு இது புதிதல்ல: இழுப்பது எஞ்சின் மட்டுமல்ல, மண்ணைப் பிடிக்கும் சக்கரமும்தான். இயந்திரத்தின் பாரமும் சக்கரத்தின் பிடிப்புமே எல்லையைத் தீர்மானிக்கின்றன. ஆதலால் சரித்த நிலையிலும் ரயர்களை மூடி, இரு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் மிச்சம் தருகின்ற தகடுகளுள் மிகச் சிறியதையே வாங்குங்கள். மிச்சப்படும் பணத்தைப் பின்பாரத்துக்கும் ரயர்ச் சங்கிலிக்கும் செலவிடுங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் இயந்திரம் என்றாலும் பின்னால் பாரம் வேண்டும். முன்னால் தகடு தொங்கும்போது பின்சக்கரங்கள் இலேசாகிவிடும்.

தகட்டை முன் லோடரின், அதாவது இயந்திரத்தின் முன்னால் வாளியைத் தூக்கும் அமைப்பின், கைகளில் பூட்டுவதென்றால் அகலத்தில் இன்னும் கவனம் தேவை. அந்தக் கைகள் பாரத்தை மேலே தூக்குவதற்குச் செய்யப்பட்டவை. நீண்ட தகட்டின் ஒரு மூலை புதைந்திருக்கும் கல்லில் மோதினால், பக்கவாட்டில் வரும் முறுக்கு அவற்றை வளைத்துவிடக்கூடும். தடையில் பட்டதும் மடிந்து கொடுக்கும் வில் பொருத்திய தகடா என்று கேட்டு வாங்குங்கள். சரளைக்கல் பாதை என்றால், தகட்டின் அடியில் பூட்டி, அதைத் தரையிலிருந்து சற்று உயர்த்திப் பிடிக்கும் ‘காலணிகளும்’ (skid shoes) வேண்டும். இல்லாவிட்டால் வசந்தத்தில் புல்வெளியிலிருந்து கல் பொறுக்க நேரிடும்.

தள்ளிய பனியை வீதியில் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது. ஒன்ராறியோவில் அனுமதியின்றி அப்படிச் செய்வது சட்டப்படி குற்றம். அதை உங்கள் காணிக்குள்ளேயே ஒதுக்க வேண்டும் என்பதால், முதற்பனியிலேயே பாதையைத் தேவைக்கு மேல் இரண்டு மூன்று அடி அகலமாகத் தள்ளிவிடுங்கள். ஓரத்துக் குவியல்கள் உறைந்த பின் நகரமாட்டா. ஒவ்வொரு பனிக்குப் பின்னும் பாதை ஒடுங்கிக்கொண்டே வரும். பாதையின் விளிம்பு தெரிவதற்கான தடிகளை, நிலம் உறையுமுன், நவம்பர் தொடக்கத்திலேயே நட்டுவிடுங்கள்.