எம்சி இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள்: வகுப்பு வருகையில் தளர்வு கேட்கும்போது நேரும் தவறுகள்

மகன் சிங்கப்பூரில் பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் பருவம். சாப்பாட்டு மேசையில் ஒரு நீலக் கோப்பு வைத்திருந்தேன். அவன் வாங்கிய எம்சிகளை, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றுகளை, தேதிவாரியாக அதில் அடுக்கியிருந்தேன், மொத்தம் 11. அவனுக்கு வலிப்பு நோய். வலிப்பு வந்து ஓய்ந்தபின் அடித்துப்போட்டதுபோல் அரை நாள் தூங்குவான். எழுந்ததும் கிளினிக்குக் கூட்டிப்போய் எம்சி வாங்கி வருவேன். செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன். பருவம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது ஒரு மாட்யூலில் (பாடத்தில்) தோற்கும் நிலை என்று மின்னஞ்சல் வந்தது. லேப் பயிற்சிகளில் நான்கைத் தவறவிட்டிருந்தான். கோப்பைத் தூக்கிக்கொண்டு பாலிடெக்னிக்குக்கு ஓடினேன். “உங்கள் மகனுக்கு இந்த நோய் இருப்பதை எங்களிடம் பதிந்திருக்கிறீர்களா அம்மா?” என்று அலுவலர் கேட்டார். நாங்கள் பதியவே இல்லை.

எம்சி முடிந்துபோன நாளுக்குக் காரணம் சொல்லும், அவ்வளவுதான். அன்று விட்டுப்போன லேப் பயிற்சியை, வகுப்பிலேயே வைத்த சிறு தேர்வை, குழுவில் செய்த வேலையை அது மீட்டுத் தராது. வருகைத் தளர்வு என்பது வேறு விஷயம். எத்தனை வகுப்பு வரை விடலாம், விட்டால் எப்படி ஈடு செய்வது, யாரிடம் எப்போது சொல்வது என்று நோய் வரும் முன்பே பேசி எழுதிவைத்துக்கொள்வது. உடற்குறையோ நீண்டநாள் நோயோ உள்ள பிள்ளைகளின் வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் தவறைத்தான்.

பேசவேண்டிய இடம் ஒன்று எல்லா பாலிடெக்னிக்குகளிலும் ஐடிஇ எனும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் இருக்கிறது. சிறப்புக் கல்வித் தேவை உள்ளவர்களுக்கான ஆதரவு அலுவலகம் என்று கேளுங்கள். பல்கலைக்கழகங்களில் பெயர் மாறும், வேலை ஏறத்தாழ இதுதான். அங்கே போகத் தயங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். “வெளியே தெரிந்தால் நாளைக்கு வேலை கிடைக்குமா? கல்யாணப் பேச்சு வந்தால்?” என்று என் மாமியாரே கேட்டார். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன், எனக்கும் இருந்தது. அதனால் போகும்போதே கேட்டுவிடுங்கள்: நோயின் பெயர் யார் யாருக்குத் தெரியும்? லெக்சரரிடம் என்ன சொல்வீர்கள்? நோயின் பெயரைச் சொல்லாமல், செய்யவேண்டிய ஏற்பாட்டை மட்டும் சொல்ல முடியுமா? பதில் கிடைத்ததும் எங்கள் வீட்டில் பாதி பயம் போய்விட்டது.

இன்னொரு தவறு, உயர்நிலைப் பள்ளியில் சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வுக்குக் கூடுதல் நேரம் வாங்கியிருந்தால் அது தானாகவே கல்லூரிக்கும் தொடரும் என்று நினைப்பது. புதிய கல்விக்கூடத்தில் புதிதாகக் கேட்கவேண்டும். பாலிடெக்னிக் பருவம் ஏப்ரலில் தொடங்கும். இடம் உறுதியான உடனே, வகுப்பு தொடங்குமுன் ஆதரவு அலுவலகத்துக்கு எழுதிவிடுங்கள். மருத்துவமனை நிபுணரைப் பார்த்துக் கடிதம் வாங்க எத்தனை வாரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாங்கள் முதலில் கொண்டுபோன கடிதத்தில் இரண்டே வரி: நோயின் பெயர், எந்த ஆண்டிலிருந்து சிகிச்சை. அதை வைத்து அலுவலகம் என்ன ஏற்பாடு செய்யும்? அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அவர் எழுதித் தந்தது இப்படி: மாதத்தில் ஓரிரு முறை முன்னறிவிப்பின்றி வலிப்பு வரலாம், வந்தபின் ஆறு முதல் பத்து மணி நேரம் அவரால் எழுதவோ பயணம் செய்யவோ முடியாது, தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும் என்பதால், முந்தைய நாள் மாலை வகுப்பு இருந்தால் மறுநாள் காலை எட்டு மணி வகுப்பைத் தவிர்ப்பது நல்லது. இதைப் படித்தவுடன் அலுவலர் கால அட்டவணையைத் திறந்தார். நோயின் பெயரைவிட, அது ஒரு நாளை என்ன செய்கிறது என்பதே அவர்களுக்குத் தேவை. மூட்டுவாதமோ, குடல் அழற்சியோ, மனச்சோர்வோ, எதுவானாலும் உங்கள் மருத்துவரிடம் இதையே கேளுங்கள்: எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம், அப்போது எது முடியாது.

தளர்வு கிடைத்துவிட்டால் வகுப்புக்கே போகவேண்டாம் என்று சில பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். விரிவுரையைப் பதிவில் பார்க்கலாம். தாதிமைப் படிப்பில் நோயாளியின் கையைப் பிடித்துக் கற்கும் பயிற்சியைப் பதிவில் பார்க்க முடியாது. லேப், சமையற்கூடம், வேலையிடப் பயிற்சி எல்லாம் அப்படித்தான். ஆகவே ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். வருகைத் தளர்வு இருப்பதால் ஒப்படைப்புக்கான கெடுவும் நீளும் என்று நினைத்து ஏமாறாதீர்கள், அதைத் தனியாகக் கேட்கவேண்டும். சிறப்புக் கல்வித் தேவை நிதி என்று ஒன்று இருக்கிறதே, அது கருவிகளுக்கும் சேவைகளுக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத் தரப்படுவது. அந்தப் பணம் கிடைத்துவிட்டதால் வருகை விஷயம் முடிந்ததாகாது.

ஊரிலிருந்து இங்கே தனியார் கல்விக்கூடங்களுக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனமாகப் படியுங்கள். மாணவர் அட்டையில், அதாவது வெளிநாட்டு மாணவர்களுக்கான அனுமதியில், இருப்பவர்களின் வருகை எந்த மாதத்திலும் 90 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது; சரியான காரணமின்றித் தொடர்ந்து ஏழு நாள் வராமலும் இருக்கக்கூடாது. அப்படி நடந்தால் பள்ளி குடிநுழைவு ஆணையத்துக்குத் தெரிவிக்கவேண்டும். ஆசிரியர் அன்பாக “பரவாயில்லை, வீட்டில் ஓய்வெடு” என்று வாய்மொழியாகச் சொன்னது அங்கே உதவாது. மருத்துவச் சான்று, பள்ளியின் எழுத்துபூர்வமான பதில் இரண்டும் கையில் இருக்கட்டும்.

கடைசியாக, என் தவறு. எல்லாவற்றையும் நானே பேசினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலிப்பு வந்த நாளில் நண்பனுக்கு வாட்ஸ்அப் அனுப்புவான், நண்பன் லெக்சரரிடம் சொல்ல மறந்துவிடுவான். இரண்டாம் பருவத்தில் அலுவலர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் பேசினார். அங்கேயே அவன் கைப்பேசியில் ஒரு மின்னஞ்சலை எழுதிச் சேமித்துக்கொண்டான்: “இன்று என் ஏற்பாட்டின்படி வகுப்புக்கு வர இயலவில்லை. விடுபட்ட பயிற்சியை எந்த நாளில் செய்யலாம் என்று தெரிவிக்கவும்.” இப்போது எழுந்திருக்க முடியாத காலைகளில் அதற்குத் தேதியைப் போட்டு அனுப்பிவிட்டு மறுபடி தூங்குகிறான். எனக்குத் தெரிவதே மதியம்தான்.