அலமாரி அடிக்கும் முன்னால்

மாடுலர் கிச்சன்காரர் வரைபடத்தை நீட்டுவதற்கு முன், மாத மளிகைச் சீட்டை எடுத்து எது எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று பாருங்கள், ஏனென்றால் 25 கிலோ மூட்டையாக அரிசி வாங்கும் வீட்டுக்கு, மேடைக்கு அடியில் டிரம் வைக்க இடம் வேண்டும், 5 கிலோ பை வாங்குகிறவர்களுக்கு அது வீண். அப்புறம் டேப்பை எடுங்கள். இட்லிப் பானை, பெரிய குக்கர், இரண்டையும் மூடியோடு அளந்து டிராயர் உயரத்தைச் சொல்லுங்கள். கிரைண்டரைத் தூக்கி இறக்கும்படி வைத்தால் கடை மாவுதான், அதனால் மேடையிலேயே, பிளக் பக்கத்தில். அஞ்சறைப்பெட்டி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், ஆனால் அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், ஆவி பட்டு மிளகாய்த்தூள் கட்டி தட்டிவிடும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் காற்றோட்டமாக, தனித்தனிக் கூடையில். பொங்கல் பானையெல்லாம் பரணுக்கு.