கூரை நடைபாதை கேட்பதற்கு முன்: யார் நிலம், யார் பணம்?

புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து பேருந்து நிறுத்தம் பத்துப் பதினைந்து மீட்டர்தான். ஆனால் மழை பெய்தால் அந்தத் தூரம் முழுக்க நனைய வேண்டும். பாட்டியைச் சக்கர நாற்காலியில் பலதுறை மருந்தகத்துக்குத் தள்ளிப்போகும் வழியில் இரண்டே இரண்டு படி குறுக்கே நிற்கிறது. யாரைக் கேட்டாலும் "நகர மன்றத்துல சொல்லுங்க" என்பார்கள். சொல்லத்தான் வேண்டும். ஆனால் எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்று தெரிந்துகொண்டு சொன்னால்தான் வேலை நகரும்.

சிங்கப்பூரின் நகர மன்றம் மற்ற நாட்டு நகராட்சியைப் போன்றதல்ல. சாலை அதன் பொறுப்பில் இல்லை. கட்டட அனுமதியும் அது தருவதில்லை. 1986இல் அங் மோ கியோவில் சோதனை முறையில் தொடங்கி, 1988இல் தனிச் சட்டம் பெற்ற அமைப்பு இது. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பேட்டைகளில் பொது இடங்களைப் பராமரிப்பதும் மேம்படுத்துவதும்தான் அதன் வேலை. தாழ்வாரம், கீழ்த்தளம், மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி, பேட்டைக்குள் இருக்கும் விளக்கு, புல்வெளி, விளையாட்டுத்தளம் ஆகியவை அதில் அடங்கும். அதனால் எதைக் கேட்பதற்கு முன்பும் இரண்டு கேள்விக்கு விடை தேடுங்கள்: இது யார் நிலம்? இதற்கு யார் பணம்?

யார் நிலம்

இடத்துக்கு நேரில் போய் நின்று பாருங்கள். வரைபடத்தை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பேட்டைக்குள் இருக்கும் நடைபாதை நகர மன்றத்துடையது. சாலையை ஒட்டிய நடைபாதை, பேருந்து நிறுத்தம், பாதசாரி மேம்பாலம், தெருவிளக்கு எல்லாம் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்குப் போகும். சாலையோர மரத்தைத் தேசியப் பூங்காக் கழகம் கவனிக்கிறது; அதே இன மரம் புளோக்குகளுக்கு நடுவே நின்றால் நகர மன்றம் கவனிக்கும். புளோக்கைச் சுற்றி ஓடும் சிறு வடிகால் நகர மன்றத்துக்கு, பெரிய கால்வாய் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கு. வாகன நிறுத்துமிடம் வீவகவுடையது. ஆள் புழங்காத காலி அரசு நிலம் பெரும்பாலும் சிங்கப்பூர் நில ஆணையத்தின் கையில் இருக்கும்.

வீட்டுக்குள் கூரையிலிருந்து நீர் கசிந்தால் பலர் நகர மன்றத்தை அழைக்கிறார்கள். அது வீண் அலைச்சல். மேல் வீட்டுத் தரையும் கீழ் வீட்டுக் கூரையும் இரு வீட்டாரின் கூட்டுப் பொறுப்பு. வீவகவிடம்தான் போக வேண்டும். வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் சேர்ந்தால் செலவில் பாதியை வீவக ஏற்கும். மீதியை மேல் வீடும் கீழ் வீடும் ஆளுக்குக் கால் பங்காகக் கட்டும்.

எல்லைக்கோடு எங்கே என்று புரியாதபோது ஒன்சர்வீஸ் செயலியில் போட்டுவிடுங்கள். நகராட்சிச் சேவைகள் அலுவலகம் 2015இல் கொண்டுவந்த செயலி இது. எந்த அமைப்புக்குப் போக வேண்டுமோ அங்கே அனுப்பிவைக்கும். இடத்தைத் துல்லியமாகச் சொல்வது உங்கள் பொறுப்பு. "புளோக்குக்குப் பின்னால்" என்று எழுதினால் யாருக்கும் புரியாது. விளக்குக்கம்பத்தின் எண், பேருந்து நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண், புளோக்கின் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு, இவற்றில் ஒன்றைப் போடுங்கள். தூரத்திலிருந்து ஒரு படம், கிட்டத்திலிருந்து ஒரு படம். கிட்டத்துப் படத்தில் அளவு தெரிய ஒரு குடையையோ அடிக்கோலையோ பக்கத்தில் வையுங்கள். யாருடைய முகமும் விழ வேண்டாம்.

மின்தூக்கியில் யாராவது சிக்கிக்கொண்டால் செயலியைத் தேடாதீர்கள். மின்தூக்கிக்குள் இருக்கும் அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள், அல்லது அங்கே ஒட்டியிருக்கும் 24 மணி நேர அவசரப் பராமரிப்பு எண்ணைக் கூப்பிடுங்கள்.

அளந்து பாருங்கள்

"சாய்தளம் போடுங்கள்" என்ற கோரிக்கையைவிட, அளவோடு வரும் கோரிக்கைக்கு அதிக மதிப்பு உண்டு. கணக்கு கடினமானதல்ல. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12க்கு 1 என்ற சரிவைத் தாண்டக்கூடாது. அதாவது 1 செண்டிமீட்டர் உயரத்துக்கு 12 செண்டிமீட்டர் நீளம். படி ஒன்று 15 செண்டிமீட்டர் என்றால் இரண்டு படிக்கு 30, அதற்கு 3.6 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். மேலேயும் கீழேயும் நாற்காலி நின்று திரும்ப ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் சமதளம் விடவேண்டும். ஆக, இரண்டே படிக்கு ஆறரை மீட்டருக்கு மேல் இடம் போய்விடும். அவ்வளவு இடம் நேராக இல்லையென்றால் பாதையைத் திருப்ப வேண்டிவரும். திருப்பத்தில் மரமோ மின்பெட்டியோ நின்றால் வடிவமைப்பையே மாற்ற வேண்டும். இதை நீங்களே நாடாவை வைத்து அளந்து, ஒரு தாளில் வரைந்து கொடுத்தால், நகர மன்ற அதிகாரி முதல் முறை வரும்போதே உருப்படியாகப் பேச முடியும்.

மாற்று வழி இருக்கிறதா என்பதையும் நடந்து பாருங்கள். நாற்பது மீட்டர் சுற்றிப்போனால் ஏற்கெனவே ஒரு சாய்தளம் இருக்கலாம். இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதி, அது ஏன் போதாது என்று சொல்லுங்கள்: இரவில் வெளிச்சமில்லை, அல்லது பாதை வாகன நிறுத்துமிடத்தின் நடுவே போகிறது என்று. நீங்களே சொல்லிவிட்டால், அந்தக் காரணத்தைக் காட்டி கோரிக்கை திரும்பி வராது.

யார் பணம்

"நகர மன்றத்தின் கையிருப்பில் இவ்வளவு பணம் இருக்கிறதே, ஒரு கூரை போடக் கூடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி பூட்டிவைத்த பணம். மாதாமாதம் நாம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணத்திலும் அரசு மானியத்திலும் குறைந்தது 26 விழுக்காடு சிங்கிங் ஃபண்ட் எனப்படும் சேம நிதிக்கும், 14 விழுக்காடு மின்தூக்கி மாற்று நிதிக்கும் ஒதுக்க வேண்டும் என்பது விதி. வெளிச்சுவருக்கு வண்ணம் பூசுவது, கூரையைச் சீரமைப்பது, நீரேற்று எந்திரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் மாற்றுவது போன்ற காலமுறை வேலைகளுக்கு உரியது சேம நிதி. புதிய கூரை நடைபாதைக்கு அதிலிருந்து எடுக்க முடியாது. துப்புரவு, குப்பை, விளக்கு, சிறு பழுது எல்லாம் மீதியில்தான் நடக்கின்றன.

புதிய வசதிக்குப் பணம் வேறு வழிகளில் வருகிறது. முதலாவது, சிஐபிசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சமூக மேம்பாட்டுத் திட்டக் குழுவின் நிதி. சாய்தளம், கூரை நடைபாதை, உடற்பயிற்சி மூலை போன்ற சிறு பணிகளுக்கு அரசு பெரும்பகுதியை ஏற்று, நகர மன்றம் மீதியைப் போடும். இதற்கான பரிந்துரை தொகுதியின் குடிமக்கள் ஆலோசனைக் குழு வழியாகப் போகிறது. எதிர்க்கட்சித் தொகுதியில் வசிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அங்கே நகர மன்றத்தை நடத்துவது நாடாளுமன்ற உறுப்பினர்; ஆனால் இந்தக் குழு உள்ளிட்ட அடித்தள அமைப்புகளின் ஆலோசகர் அவரல்ல, வேறொருவர். நகர மன்றத்துக்கு எழுதுவதோடு குடிமக்கள் ஆலோசனைக் குழுவுக்கும் எழுதினால்தான் இரு பக்கமும் ஒரே தாளைப் பார்க்கும்.

இரண்டாவது, அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம். 2007இல் அறிமுகமான இதன் முழுச் செலவும் அரசுடையது. நிறைவேற்றுவது நகர மன்றம். முதலில் இன்னும் பழைய புளோக்குகளுக்கு மட்டும் இருந்தது, பிறகு 1999 வரை கட்டப்பட்ட புளோக்குகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஒட்டியிருக்கும் பல புளோக்குகளைச் சேர்த்து ஒரே திட்டமாகச் செய்வார்கள். கண்காட்சி, கலந்துரையாடல் முடிந்தபின் வீடு வீடாகக் கருத்துக் கேட்பார்கள். 75 விழுக்காட்டு வீடுகள் ஆதரித்தால்தான் வேலை தொடங்கும். நம்மில் நிறையப் பேர் கண்காட்சிக்குப் போவதில்லை. எல்லாம் கட்டி முடித்தபின் குறை சொல்கிறோம். கீழ்த்தளத்தில் வரைபடம் ஒட்டியிருக்கும் அந்த நாள்கள்தான் பேச வேண்டிய நாள்கள். பெரியவர்களுக்குத் தமிழில் விளக்கம் வேண்டுமென்றால் பேட்டைவாசிகளின் தன்னார்வ அமைப்பான வசிப்போர் கட்டமைப்பினரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மூன்றாவது, பெருவிரைவு ரயில் நிலையத்துக்குப் போகும் பாதை. நிலப் போக்குவரத்து ஆணையம் 2013இல் அறிவித்த திட்டத்தில் ரயில் நிலையத்தைச் சுற்றி 400 மீட்டருக்குள்ளும், இலகு ரயில் நிலையத்தையும் பேருந்துச் சந்திப்பு நிலையத்தையும் சுற்றி 200 மீட்டருக்குள்ளும் கூரை நடைபாதைகள் போடப்பட்டன. உங்கள் வழி அந்த வட்டத்துக்குள் இருந்தும் விடுபட்டிருந்தால், தூரத்தை அளந்து ஆணையத்திடமே கேளுங்கள்.

கோரிக்கைத் தாள்

ஒரே ஒரு பக்கம் போதும். எங்கே, என்ன தடை, யார் எத்தனை பேர் எந்த நேரத்தில் பாதிக்கப்படுகிறார்கள், அளவு என்ன, படங்கள் இரண்டு. "நூற்றுக்கணக்கானோர்" என்று எழுதாதீர்கள். வேலை நாள் ஒன்றில் காலை 7 மணியிலிருந்து 8 மணி வரை நின்று எண்ணுங்கள். சக்கர நாற்காலி, தள்ளுவண்டி, ஊன்றுகோல் ஆகியவற்றைத் தனியாக எண்ணுங்கள். இந்த எண்ணிக்கை இருபது கையெழுத்தைவிடப் பலமானது. கையெழுத்தும் வாங்கலாம், ஆனால் கட்டாயம் வாங்க வேண்டியது ஒன்று உண்டு: கூரைத் தூண் யார் வீட்டுச் சன்னலுக்கு நேரே வரப்போகிறதோ அந்த முதல் மாடிக் குடும்பத்தின் ஒப்புதல். வெளிச்சமும் காற்றும் மறைகிறது என்று அவர்கள் பின்னால் எதிர்த்தால் வேலை பாதியில் நிற்கும். முதலிலேயே அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். தூணை ஒரு மீட்டர் நகர்த்தினாலே தீர்ந்துவிடும் சிக்கலாகவும் இருக்கலாம்.

நகர மன்றத்தின் நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. மார்ச்சில் கொடுத்த தாளை ஏப்ரல் வரவுசெலவில் தேடக் கூடாது. ஆண்டின் நடுவிலேயே கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டுப் பட்டியலுக்குப் பேச நேரம் கிடைக்கும். மின்னஞ்சலில் கொடுத்து, கிடைக்கும் கோப்பு எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போனால் அந்த எண்ணோடு போங்கள்.

எங்கே சிக்கும்

கூரை நடைபாதை பார்க்க எளிமையாக இருக்கும். தாமதமெல்லாம் மண்ணுக்குள்ளும் தலைக்கு மேலும் இருக்கிறது. தூணுக்கு அடித்தளம் தோண்டும் இடத்தில் மின்கம்பி, எரிவாயு, தண்ணீர், தொலைத்தொடர்புக் குழாய்கள் ஓடும். உரிமம் பெற்ற கம்பி கண்டறியும் பணியாளர் வந்து பார்த்து, கையால் சோதனைக்குழி தோண்டிய பிறகுதான் எந்திரம் இறங்கலாம். குழிக்குள் கம்பி தென்பட்டால் தூணை நகர்த்த வேண்டும். நகர்த்தினால் கூரையின் கணக்கு மாறும். குழியைச் சுற்றி வேலி போட்டுவிட்டு வாரக்கணக்கில் யாரும் வராமல் இருந்தால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

தலைக்கு மேல் இருக்கும் பிரச்சினை தீயணைப்பு வண்டி. அதன் பாதையைக் கூரை கடக்கும் இடத்தில் 4.5 மீட்டர் உயர இடைவெளி வேண்டும். உயரம் கூடினால் சாரல் உள்ளே அடிக்கும். அதைத் தடுக்கக் கூரையை அகலமாக்க வேண்டும். அந்த ஒரு துண்டுக்கு மட்டும் செலவு ஏறும். வழியை அந்தப் பாதைக்கு அப்பால் வளைக்க முடிந்தால் அதையே கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட மனத்தை உறுத்துவது கடைசி இரண்டு மீட்டர். நகர மன்றத்தின் கூரை பேட்டையின் எல்லையில் முடிந்துவிடும். பேருந்து நிறுத்தத்தின் கூரை அதற்கப்பால் தொடங்கும். நடுவில் ஒரு வடிகால், அதன் மேல் திறந்த வானம். நல்ல மழையில் இரண்டு கூரைத் தண்ணீரும் அந்த இடைவெளியில்தான் கொட்டும். இதைத் தவிர்க்க ஒரே வழி, கோரிக்கையின் முதல் வரியிலேயே "நகர மன்றக் கூரையும் பேருந்து நிறுத்தக் கூரையும் இணைய வேண்டும்" என்று எழுதி, அதே தாளை நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் அனுப்புவது. கட்டிய பிறகு இணைப்பது தனி வேலை, தனிப் பணம்.

எதிரே இருக்கும் காலிப் புல்வெளி

பிள்ளைகள் பந்தாடும் வெளி பூங்காவாகவே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டத்தை இணையத்தில் திறந்து, அந்த மனையின் நிறத்தைப் பாருங்கள். அடுத்த 10 முதல் 15 ஆண்டுகளுக்கான திட்டம் அது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படுகிறது. பச்சை என்றால் பூங்கா. மஞ்சள் என்றால் பயன்பாடு இன்னும் முடிவாகாத ஒதுக்கீட்டு நிலம். குடியிருப்பு நிறமும் 2.8 என்ற எண்ணும் இருந்தால், 10,000 சதுர மீட்டர் மனையில் 28,000 சதுர மீட்டர் வரை தளப்பரப்பு எழலாம். திருத்தம் வரும்போது வரைவைக் காட்சிக்கு வைத்து ஆட்சேபம் கேட்பார்கள்; அந்தக் காலக்கெடு குறுகியது. 2021இல் டோவர் காட்டு விவகாரத்தில் பொதுமக்கள் தந்த கருத்துகளுக்குப் பிறகு, மேற்குப் பாதியைச் சுமார் பத்தாண்டுகளுக்குத் தொடுவதில்லை என்று அரசு முடிவெடுத்தது. கிழக்குப் பாதியில் வீடுகள் கட்டுவது என்று முடிவானது. நிலத்தில் என்ன இருக்கிறது, வேறு எங்கே கட்டலாம் என்று விவரத்தோடு எழுதப்பட்ட கருத்துகளும் அங்கே பரிசீலிக்கப்பட்டன. "எங்களுக்கு வேண்டாம்" என்று மட்டும் எழுதுவதைவிட அப்படி எழுதுங்கள்.

வேலை முடிந்த பிறகு

புதிய கூரைக்கும் சாய்தளத்துக்கும் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் உண்டு, பொதுவாக 12 மாதம். அதற்குள் தெரிவித்தால் குத்தகையாளர் தம் செலவில் சரிசெய்வார். கடந்துவிட்டால் நம் பராமரிப்புக் கட்டணத்திலிருந்துதான் போகும். முதல் பெருமழை கொட்டும்போது குடையோடு இறங்கிப் போய்ப் பாருங்கள்: இணைப்புகளில் ஒழுகுகிறதா, கூரைத் தண்ணீர் வடிகாலுக்குப் போகிறதா, பாதையில் தேங்குகிறதா, சாய்தளத்தின் அடியில் குட்டையாகிறதா. படம் எடுத்து, பழைய கோப்பு எண்ணைப் போட்டு அன்றே அனுப்பிவிடுங்கள்.