கடினமான ஆண்டை எட்டுப் பக்கப் புத்தகமாக்குவது எப்படி?

ஆண்டு முடியும்போது "இந்த வருஷம் சரியில்லை, போய்த் தொலையட்டும்" என்று சொல்லிக் கடந்துவிடத் தோன்றும். சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் அதோடு மூடிவிட்டால், என்ன நடந்தது, எப்படித் தாக்குப்பிடித்தோம், யார் கூட நின்றார்கள் என்ற விவரமெல்லாம் "சரியில்லை" என்ற ஒரு சொல்லுக்குள் அமுங்கிப் போகும். இன்னொரு பக்கம், "எல்லாம் நன்மைக்கே, நன்றி சொல்லி முடி" என்று அறிவுரை சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கஷ்டம் கஷ்டமாகவே இருக்கட்டும். அதற்கு ஓர் உருவத்தையும் எல்லையையும் நம் கையால் கொடுக்கலாம். அதற்கு ஒரே ஒரு ஏ4 தாள் போதும்.

அந்தத் தாளை மடித்து, உள்ளங்கை அளவில் எட்டுப் பக்கப் புத்தகம் செய்யப்போகிறோம். கடந்த ஆண்டு அந்தப் பக்கங்களில் அடங்கும். தாளின் பின்பக்கம் முழுக்க வெறுமையாக இருக்கும். புது ஆண்டுக்கு அது. வரையத் தெரிய வேண்டாம், எழுத்தாளராக இருக்கவும் வேண்டாம்.

தேவையானவை: கொஞ்சம் தடிமனான ஏ4 தாள், கத்தரிக்கோல், பசைக்குச்சி, பென்சில், பால்பாயின்ட் பேனா, பிடித்த நிறத்தில் ஒரு கலர் பென்சில். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும். ஒரே மூச்சில் முடிக்காமல் ஒரு வாரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

படி 1: நினைவை நம்பாதீர்கள், தடயங்களைத் தேடுங்கள்

"இந்த ஆண்டு எப்படிப் போனது?" என்று கேட்டதும் மனசு கொடுக்கும் பதில் முழுசாக இருக்காது. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய குழுவினரும் 1993-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்கு நல்ல உதாரணம். ஒருமுறை 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி கையை வைக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 விநாடி. அதன்பின் நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏற, மேலும் 30 விநாடி. எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானோர் நீண்ட நேரம் வலித்ததையே தேர்ந்தெடுத்தார்கள், முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால். அனுபவத்தின் உச்சத்தையும் முடிவையும் பிடித்துக்கொண்டு நடுவில் இருந்ததை நினைவு நழுவவிடுகிறது. டிசம்பர் மோசமாக இருந்தால் ஆண்டே மோசமாகத் தெரிவது இதனால்தான்.

அதனால் கைப்பேசியைத் திறந்து ஜனவரி முதல் புகைப்படங்களை வரிசையாகப் பாருங்கள். நாட்காட்டிக் குறிப்புகள், அழைப்புப் பதிவுகள், வங்கிக் கணக்கு, பழைய செய்திகள் எல்லாமே தடயம்தான். மாதத்துக்கு இரண்டு மூன்று வரி குறித்தால் போதும். "மார்ச்: வேலை போனது. தங்கை தினமும் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டாள்." இந்த இரண்டாவது வரியை நீங்கள் மறந்தே போயிருக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இழப்பு மிகச் சமீபத்தில் நடந்திருந்தால், படங்களைப் பார்க்கவே முடியவில்லை என்றால், இப்போது வேண்டாம். புத்தகம் காத்திருக்கும். தூக்கமும் சாப்பாடும் கெட்டு, நாட்கள் நகரவே மறுத்தால் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள். அந்த உதவியைத் தாளும் பேனாவும் தந்துவிட முடியாது.

படி 2: நான்கு நாள், பதினைந்து நிமிடம்

புத்தகத்தில் எதை வைப்பது என்று தெரிவதற்கு முன், உள்ளே இருப்பதைக் கொட்டிவிட வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சான்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். தங்களை மிகவும் பாதித்த அனுபவத்தில் நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதங்களில் மாணவர் மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே போனார்கள். அதன்பின் இதுபற்றி நிறைய ஆய்வுகள் வந்தன. 2006-இல் 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் உண்டு, ஆனால் சராசரியாகச் சிறியது என்று தெரிந்தது. மாயமந்திரம் இல்லை. இருந்தாலும் முதல் அடிக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

வேறு ஒரு நோட்டில், நேரம் வைத்து எழுதுங்கள். எழுத்துப்பிழை, இலக்கணம், அழகு எதையும் பார்க்காதீர்கள். "பயமாக இருந்தது" என்று மட்டும் எழுதாமல் எதைக் கண்டு, எந்த நேரத்தில் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் மனசு கனக்கலாம். அந்த முதல் ஆய்விலும் எழுதிய கையோடு பலருக்கு வருத்தம் கூடத்தான் செய்தது. நாட்கள் போகப்போகத் திணறல் அதிகமானால் நிறுத்திவிடுங்கள். எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. கிழித்தும் போடலாம்.

படி 3: தாளை மடித்தல்

எழுத்தில் ஆர்வம் இல்லாதவர்களுக்கும் இந்தக் கட்டம் பிடிக்கும். அவசரப்படாமல் செய்யுங்கள்.

1. தாளின் நீளப் பக்கம் உங்களைப் பார்த்திருக்கும்படி மேசைமேல் வையுங்கள். கீழ் விளிம்பை மேல் விளிம்போடு சேர்த்து மடித்து, நகத்தால் அழுத்தித் தேய்த்து, பிரியுங்கள்.
2. இடது ஓரத்தை வலது ஓரத்தோடு சேர்த்து மடித்துப் பிரியுங்கள். பிறகு இரண்டு ஓரங்களையும் நடு மடிப்புவரை கொண்டுவந்து மடித்துப் பிரியுங்கள். எட்டுக் கட்டங்கள் வந்திருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 7.4 செ.மீ. அகலம், 10.5 செ.மீ. உயரம்.
3. மறுபடி இடது ஓரத்தை வலது ஓரத்தோடு சேர்த்து மடியுங்கள். மடிந்த பக்கத்திலிருந்து, நீளவாக்கில் ஓடும் நடுக்கோட்டின் மேல், அடுத்த மடிப்பு வரைக்கும் மட்டும் வெட்டுங்கள். திறந்த ஓரத்திலிருந்து வெட்டினால் புத்தகம் வராது.
4. பிரித்தால் தாளின் நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கும். முதலில் செய்ததுபோல் நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் பிடித்து உள்நோக்கித் தள்ளுங்கள். கீறல் வாய் திறக்கும். மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி மாதிரி தெரியும். பக்கங்களை ஒரே திசையில் சுற்றிப் படிய வைத்தால் புத்தகம் தயார்.

இப்போதே பென்சிலால் 1 முதல் 8 வரை பக்க எண் போட்டுவிடுங்கள். அப்புறம் தாளைப் பிரித்தால் ஒரு வரிசை தலைகீழாக இருக்கும். எண் போடாமல் பிரித்து எழுதினால் பாதிப் பக்கங்கள் கவிழ்ந்துவிடும்.

படி 4: பக்கங்களை நிரப்புதல்

அட்டையில் ஆண்டின் எண்ணும், அதற்கு ஒரு பெயரும். "மோசமான ஆண்டு" போன்ற பெயர் வேண்டாம். கையால் தொடக்கூடிய ஒரு பொருளைத் தேடுங்கள். அப்பாவை மருத்துவமனையில் வைத்துப் பார்த்துக்கொண்ட ஒருவர் "மாடிப்படிகளின் ஆண்டு" என்று வைக்கலாம்.

2, 3: இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து, ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் ஒரு கோடு. மேடு பள்ளமாக வரைந்து, முதல் படியில் எடுத்த குறிப்புகளைச் சிறு சொற்களாக ஒட்டியாற்போல் எழுதுங்கள்.

4, 5: நடுப்பக்கம். ஆண்டின் மிகக் கடினமான விஷயம் இங்கேதான் வர வேண்டும். முழுக்கதையும் வேண்டாம், ஒரு தருணம் போதும். இதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். "மருத்துவமனையில் மிகவும் கஷ்டப்பட்டோம்" என்று எழுதினால் யாருடைய வாழ்க்கைக்கும் பொருந்தும், உங்களுடையதாக இருக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: "லிப்டில் எப்போதும் கூட்டம். மூன்று மாடி ஏறினேன். அப்பாவின் மூக்குக்கண்ணாடி என் சட்டைப்பையில் இருந்தது. ஒவ்வொரு படிக்கும் அது பேனாவில் இடித்துச் சத்தம் போட்டது." உணர்ச்சியைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இதில் இல்லை. ஆனாலும் அந்த மனிதரின் பதற்றம் நமக்குக் கேட்கிறது. பார்த்தது, தொட்டது, கேட்டது: இவற்றை மட்டும் ஐந்தாறு வரியில் எழுதுங்கள். சொல் வரவில்லை என்றால் அந்தப் பொருளை வரையுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

6: தாங்கிப் பிடித்தவை. பெயர், நேரம், செயல் என்று குறிப்பாக.

7: ஒட்டுப்படம். பிக்காசோவும் பிராக்கும் 1912-இல் செய்தித்தாள், சுவர்க்காகிதம் போன்றவற்றை வெட்டி ஓவியத்தில் ஒட்டினார்கள். அன்றாடக் காகிதமே ஓவியத்தின் பொருளானது. உங்களிடமும் அந்த ஆண்டின் காகிதங்கள் இருக்கும்: பயணச்சீட்டு, மருந்து உறை, நாட்காட்டித் தாள், கடித உறையின் மூலை. பில் இயந்திரத்திலிருந்து வரும் வழவழப்பான ரசீதுகளை நேரடியாக ஒட்டாதீர்கள். அவற்றின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும், பசை பட்டாலும் கெடலாம். நகல் எடுத்து ஒட்டுங்கள்.

8: பின் அட்டையில் ஒரு கேள்வி. புத்தாண்டுத் தீர்மானம் வேண்டாம், பதில் தெரியாத ஒரு கேள்வி. "யாரிடம் நான் உதவி கேட்கத் தயங்குகிறேன்?" என்பது மாதிரி. அதன் கீழே ஒரே ஒரு திட்டம், "இது நேர்ந்தால் இதைச் செய்வேன்" என்ற வடிவில். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்த முறை இது. "அதிகம் பேசுவேன்" என்பதைவிட "ஞாயிறு மாலை தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்ததும் தங்கையைக் கூப்பிடுவேன்" என்பது நடக்க வாய்ப்பு அதிகம். எப்போது, எங்கே என்பது முன்பே முடிவாகிவிடுகிறது.

படி 5: பின்பக்கத்தில் புது ஆண்டு

புத்தகத்தை முழுக்கப் பிரித்துத் திருப்புங்கள். வெற்றுத் தாள். நீளவாக்கில் 13, உயரவாக்கில் 4 என்று 52 கட்டங்கள் போடுங்கள். ஒன்று 2.2 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் இருந்தால் ஓரத்தில் இடமும் மிஞ்சும். வாரத்துக்கு ஒரு கட்டம். அதில் ஒரு கோட்டோவியமோ, மூன்று சொல்லோ, அந்த வாரம் அதிகம் பார்த்த நிறமோ, எதுவும் வரலாம்.

ஒன் கவாரா என்ற ஜப்பானியக் கலைஞர் 1966 ஜனவரி 4-ஆம் தேதி ஒரு தொடரைத் தொடங்கினார். ஒற்றை நிறப் பின்னணியில் அன்றைய தேதியை மட்டும் தீட்டுவார். நள்ளிரவுக்குள் முடியாவிட்டால் அதை அழித்துவிடுவார். பல பத்தாண்டுகளில் இப்படி ஏறக்குறைய மூவாயிரம் ஓவியங்கள். வடிவம் ஒன்றே என்பதால் "இன்று என்ன செய்வது?" என்ற திகைப்பு அவருக்கு இல்லை. நம்முடைய சின்னக் கட்டமும் அந்த வேலையைத்தான் செய்கிறது. அவருடைய கண்டிப்பு மட்டும் நமக்கு வேண்டாம். விட்டுப்போன வாரத்தின் கட்டம் காலியாகவே இருக்கட்டும். அதைப் பிற்பாடு நிரப்ப உட்காராமல் நடப்பு வாரத்துக்குப் போய்விடுங்கள்.

வீட்டில் எல்லோருமாகச் செய்தால் ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள். குழந்தைகள் மடிப்பதை நம்மைவிட வேகமாகக் கற்றுக்கொள்வார்கள். அவர்களுக்கும் அந்த ஆண்டு கடினமாகத்தான் இருந்திருக்கும். நடுப்பக்கத்தை அவர்களாக நீட்டினால் மட்டும் பாருங்கள்.