வீட்ல பீர் காய்ச்சி கெக்ல ஏத்துறது எப்படி? முதல் பேட்ச் போடறவங்களுக்கு

வீட்ல பீர் பண்றதுல அடுப்புல காய்ச்சற நாள்தான் இருக்கறதுலயே ஈஸி, ஆனா புதுசா வர்றவங்க காசையும் கவனத்தையும் அங்கதான் கொட்டுவாங்க, பெரிய பாத்திரம் பெரிய பர்னர்னு. பீர் தேறுறதும் கெட்டுப்போறதும் அடுப்ப அணைச்சதுக்கு அப்புறம்தான். அதனால காய்ச்சறத சட்டுனு முடிச்சுட்டு ஃபெர்மென்டர் (ஈஸ்ட் போட்டு பீர புளிக்க விடற டப்பா), கெக் (பீர கேஸோட அடைச்சு வெச்சு டேப்ல ஊத்தற ஸ்டீல் டப்பா) ரெண்டையும் நிதானமா பாக்கலாம்.

அதுக்கு முன்னாடி, நீங்க இருக்கற இடத்துல வீட்ல பீர் காய்ச்ச சட்டம் விடுதான்னு பாத்துக்கோங்க. சில இடத்துல லிட்டர் கணக்கு, வயசு வரம்புன்னு இருக்கும், சில இடத்துல சுத்தமா கூடாது.

என்னென்ன வேணும்

எல்லா கணக்கும் 20 லிட்டருக்கு சொல்றேன், ஏன்னா வீட்ல பண்றவங்க வாங்கற கார்னி கெக் பெரும்பாலும் 19 லிட்டர்தான் பிடிக்கும் (அது முதல்ல கூல்ட்ரிங்க்ஸ் சிரப் வைக்க செஞ்ச ஸ்டீல் டப்பா, பீர்காரங்க அப்புறம் எடுத்துக்கிட்டது). 20 லிட்டர் பாத்திரம், ஏர்லாக்கோட (கேஸ் வெளிய போகும், காத்து உள்ள வராத குட்டி அடைப்பான்) 28, 30 லிட்டர் ஃபெர்மென்டர், ஹைட்ரோமீட்டர் (சர்க்கரை எவ்ளோ இருக்குன்னு அடர்த்திய வெச்சு காட்டற மிதவை), தெர்மாமீட்டர், பீர இறக்க சைஃபன் டியூப், கழுவி ஊத்த தேவையில்லாத நோ-ரின்ஸ் சானிடைசர். கெக் பக்கம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப்ப கெக்ல மாட்டிக் கழட்டற டிஸ்கனெக்ட் கேஸுக்கு ஒண்ணு, பீருக்கு ஒண்ணு, ஒரு டேப், கெக் நிக்கற மாதிரி ஒரு ஃப்ரிட்ஜ்.

சரக்குக்கு ட்ரை மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டுன தானியத்துலேர்ந்து எடுத்த சர்க்கரைப் பொடி) 2.5 கிலோ, ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் குடுக்கற பூ) காஸ்கேட் மாதிரி ஒரு ரகம் 65 கிராம், ஏல்ங்கற பீர் வகைக்கான ட்ரை ஈஸ்ட் 11.5 கிராம் பாக்கெட் ஒண்ணு. தானியத்த ஊறவெச்சு சர்க்கரை எடுக்கற ஆல்-கிரெய்ன் முறைய முதல் பேட்ச்லயே தொடாதீங்க, எக்ஸ்ட்ராக்ட்லயே நல்ல பீர் வரும், யாராவது அது கேவலம்னு சொன்னா கண்டுக்காதீங்க.

காய்ச்சறது

குழாய்த் தண்ணில குளோரின் இருந்தா பீர்ல பிளாஸ்திரி வாடை வரும், குளோரின எடுக்கற கேம்ப்டன் மாத்திரைல கால்வாசிய நுணுக்கி மொத்தத் தண்ணிலயும் கலந்துட்டா போதும். 12 லிட்டர் தண்ணிய சூடாக்கி, அடுப்ப அணைச்சுட்டு பாதி எக்ஸ்ட்ராக்ட கொட்டி நல்லா கலக்குங்க, அணைக்காம கொட்டுனா அடில போய் கருகிடும். திரும்ப கொதி வரும்போது பக்கத்துலயே நில்லுங்க, நுரை பொங்கி அடுப்பு பூரா ஒட்டும். கொதி நிதானமானதும் ஹாப்ஸ் 40 கிராம், இது கசப்புக்கு. மொத்தம் 60 நிமிஷம் கொதிக்கணும். கடைசி 15 நிமிஷத்துல மிச்ச எக்ஸ்ட்ராக்ட், அப்பவும் அடுப்ப அணைச்சுட்டுதான், கடைசி 5 நிமிஷத்துல மிச்ச 25 கிராம் ஹாப்ஸ், இது வாசனைக்கு.

இப்ப உங்க கைல இருக்கற சர்க்கரைத் தண்ணிக்கு பேர் வோர்ட், இன்னும் பீர் ஆகல.

ஆற வைக்கறது, ஈஸ்ட் போடறது

இங்கேர்ந்துதான் சுத்தம் முக்கியம். கழுவறது வேற, சானிடைஸ் பண்றது வேற, அழுக்கு மேல சானிடைசர் ஊத்தி புண்ணியமில்ல. ஃபெர்மென்டர், மூடி, ஏர்லாக், டியூப், கத்தரிக்கோல், ஈஸ்ட் பாக்கெட்டோட வெளிப்பக்கம்கூட, வோர்ட் ஆறுனதுக்கு அப்புறம் அத தொடப்போற எல்லாம் சானிடைசர்ல நனையணும். சானிடைசரோட நுரை கொஞ்சம் உள்ள இருந்தா பரவால்ல.

பாத்திரத்த ஐஸ் தண்ணி டப்ல வெச்சு ஆத்துங்க, ஃபெர்மென்டர்ல ஊத்தி, முன்னாடியே கொதிக்கவெச்சு ஆற வெச்ச தண்ணிய விட்டு 20 லிட்டர் ஆக்குங்க. நல்லா கலக்கணும், இல்லன்னா கெட்டி வோர்ட் அடில நின்னுக்கிட்டு ஹைட்ரோமீட்டர் தப்பா காட்டும். 1.046 பக்கம் வரணும், அத எழுதி வெச்சுக்கோங்க. சூடு 20 டிகிரிக்கு வந்தாச்சுன்னா ஈஸ்ட மேல தூவிட்டு மூடுங்க, அவ்ளோதான்.

ஃபெர்மென்டேஷன்

ஏல் ஈஸ்ட்டுக்கு 18லேர்ந்து 20 டிகிரி வேணும், அது ரூம் சூடு இல்ல, பீரோட சூடு. ஈஸ்ட் வேகமா வேலை பாக்கற முதல் மூணு நாலு நாள்ல உள்ள 2, 3 டிகிரி கூடவே இருக்கும், ரூம் 24ன்னா உள்ள 27 கூட ஆயிடும், அந்த பீர்ல தின்னர் வாடை அடிக்கும், குடிச்சா தொண்டைல எரியும். டெம்பரேச்சர் கன்ட்ரோலர் மாட்டுன பழைய ஃப்ரிட்ஜ் இருந்தா அதுக்கு மேல எதுவும் வேணாம். இல்லன்னா அகலமான டப்ல தண்ணி விட்டு ஃபெர்மென்டர அதுல நிறுத்தி, ஐஸ் பாட்டில் ரெண்டு ரெண்டா மாத்திக்கிட்டே இருக்கலாம், அலுப்புதான், ஆனா வேலை செய்யும். கைல காசு மிச்சம் இருந்தா பளபளன்னு டேப் வாங்கறத விட முதல்ல இதுக்கு செலவு பண்ணுங்க.

ஏர்லாக்ல குமிழ் நின்னா முடிஞ்சதுன்னு அர்த்தமில்ல, மூடி லேசா லீக் ஆனாகூட குமிழே வராது. ரெண்டு வாரம் விட்டுட்டு, ரெண்டு மூணு நாள் இடைவெளில ரெண்டு தடவ ஹைட்ரோமீட்டர் பாருங்க, ரெண்டும் ஒண்ணா, 1.012 பக்கம் இருந்தா முடிஞ்சது. சாம்பிள திரும்ப உள்ள ஊத்தாம குடிச்சுப் பாருங்க, கேஸ் இல்லாம தட்டையா இருக்கும், ஆனா ருசி தெரிஞ்சிடும். ஆல்கஹால் கணக்குக்கு, ஆரம்பத்துல எழுதி வெச்ச ரீடிங்குக்கும் இந்த கடைசி ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசத்த 131.25 ஆல பெருக்குங்க: 0.034 வித்தியாசம்னா சுமாரா 4.5 சதவீதம்.

கெக்

பாட்டில்ல ஆரம்பிச்சு அப்புறம் கெக்குக்கு போகச் சொல்வாங்க, எனக்கு அதுல உடன்பாடில்ல. 19 லிட்டர்னா 650 மில்லி பாட்டில் 29 கழுவணும், கேஸ் வர்றதுக்காக பாட்டில்ல போடற சர்க்கரை அளவு கூடுனா வெடிக்கற பயம் வேற. முதல்ல கையக் கடிச்சாலும் கெக் நிம்மதி.

பழைய கெக்னா பிரிச்சு, ரப்பர் ஓ-ரிங் எல்லாத்தையும் புதுசா மாத்தி, ஃபுட் கிரேட் லூப்ரிகன்ட் லேசா தடவுங்க. கெக் மேல டிஸ்கனெக்ட் மாட்டற முனை, அதாவது போஸ்ட், ரெண்டு இருக்கும், குட்டி டியூப் இருக்கறது கேஸ், அடிவரைக்கும் நீளமா போறது பீர். பால் லாக்ங்கற வகை கெக்ல கேஸ் போஸ்ட்டோட அடில வெட்டு வெட்டா இருக்கும், மாத்தி அமுக்குனா மாட்டிக்கிட்டு வெளிய வராம உயிர எடுக்கும்.

காய்ச்சுன பீருக்கு இப்ப எதிரி ஆக்சிஜன், பட்டா கொஞ்ச நாள்ல ஈர அட்டை ருசி வந்துடும். அதனால கெக்க சானிடைசரால நிரப்பி, கேஸ் குடுத்து பீர் போஸ்ட் வழியா மொத்தத்தையும் வெளிய தள்ளுங்க, உள்ள கார்பன் டை ஆக்சைடு மட்டும் மிஞ்சும். அப்புறம் பிரஷர திறந்துவிட்டு, சைஃபன் முனைய கெக்கோட அடிவரைக்கும் விட்டு, சலசலப்பு இல்லாம இறக்குங்க, ஃபெர்மென்டர் அடில இருக்கற ஈஸ்ட் வண்டல விட்டுடுங்க. மூடிட்டு 30 பிஎஸ்ஐ (ரெகுலேட்டர் காட்டற பிரஷர் அளவு) குடுத்தா மூடி டக்குனு உக்காரும், ரிலீஃப் வால்வ இழுத்து விட்டு திரும்ப நிரப்புங்க, இப்படி அஞ்சாறு தடவ.

உடனே சோப்புத் தண்ணி எடுத்து எல்லா இணைப்புலயும் தடவுங்க, குமிழ் வந்தா லீக். இத சோம்பேறித்தனமா விட்டா ஒரே ராத்திரில சிலிண்டர் காலி. இன்னொண்ணு, சிலிண்டர் பக்கத்து கேஜ் உள்ள திரவம் தீர்ற வரைக்கும் கிட்டத்தட்ட ஒரே நம்பர்தான் காட்டும், எவ்ளோ மிச்சம்னு தெரிய எடைதான் போடணும். சிலிண்டர நிமிர்த்தி, விழாத மாதிரி கட்டி, காத்தோட்டமான இடத்துல வைங்க, இந்த கேஸ் காத்த விட கனம், பூட்டுன சின்ன ரூம்ல லீக் ஆனா ஆளுக்கே ஆபத்து.

கேஸ் ஏத்தறது, ஊத்தறது

ஃப்ரிட்ஜ 4 டிகிரில வெச்சு, ரெகுலேட்டர 12 பிஎஸ்ஐல விட்டுட்டு ஒரு வாரம், பத்து நாள் மறந்துடுங்க. பீர் எவ்ளோ குளிரோ அவ்ளோ கேஸ் உள்ள கரையும், சூடான பீர்ல இதே 12க்கு ரொம்ப கம்மியாத்தான் ஏறும். அவசரம்னா குளிர்ந்த பீருக்கு 30 பிஎஸ்ஐ ஒரு நாள் குடுத்து, அதிகப்படிய வெளிய விட்டு 12க்கு கொண்டு வரலாம், ஆனா கொஞ்சம் மறந்தீங்கன்னா ஓவரா ஏறி கிளாஸ் பூரா நுரைதான்.

நுரைன்னாலே எல்லாரும் பிரஷர கொறைப்பாங்க, அது தப்பான மருந்து, நாள் போகப்போக பீர்லேர்ந்து கேஸ் கழண்டு தட்டையாயிடும். உள்விட்டம் 5 மில்லிமீட்டர் பக்கம் இருக்கற டியூப் மூணு மீட்டர் போடுங்க, அந்த நீளத்துலயே வேகம் தணிஞ்சு வரும். டேப்ப பாதி திறக்காம ஒரே இழுவைல முழுசா திறங்க. முதல் கிளாஸ் கலங்கலா ஈஸ்ட்டோட வரும், கொட்டிடுங்க.

கெக் காலியானா மூடிய திறக்கறதுக்கு முன்னாடி கேஸ் லைன கழட்டி, ரிலீஃப் வால்வுல சத்தம் சுத்தமா அடங்கற வரைக்கும் பிரஷர விடுங்க. டியூப்பையும் டேப்பையும் அன்னைக்கே கழுவிடுங்க, காஞ்சு ஒட்டிக்கிச்சுன்னா அடுத்த பேட்ச்லயும் அந்த வாடை வரும்.